நல்ல கள்ளு எண்டால் என்ன ருசி?

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்துபோன உறவினர் ஒருவர், எங்கள் நண்பன் வீட்டில் ஒரு சிவப்பு வைன் போத்தலை விட்டுவிட்டுப் போயிருந்தார். பொர்தோப் பக்கத்து வைன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் ஐந்து பேர் அதைச் சுற்றி இருந்தோம். குடிக்கிறதை விட அதன் பின்பக்க லேபிளை வாசிக்கிறதில்தான் எங்களுக்கு ஆர்வம். ஆங்கிலத்தில் இருந்ததை ஒருத்தி தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள்: பிளாக்கரண்ட் பழம், சீடர் மரம், புகையிலை, பதனிட்ட தோல். பிளாக்கரண்டை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. சீடர் மரமும் அப்படியே. புகையிலை மட்டும் தெரியும். அது எங்கட தோட்டத்துச் சாமான்.

ஆளுக்கொரு வாய் குடித்தோம். வாசித்தவளே முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்: "நாவல்பழத்தைப் பிசைஞ்சு வெறுந்தேத்தண்ணிக்குள்ள விட்ட மாதிரி இருக்கு." எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சாயம் கூடின தேநீரும் சிவப்பு வைனும் நாக்கை இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் ஒரே வகைப் பொருள்தான், தனின். அந்த உணர்வைச் சொல்ல எங்களிடம் சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'துவர்ப்பு' என்று படித்தோம், வீட்டில் 'கயர்க்குது' என்கிறோம். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வைத்திருக்கிற மொழி எங்களுடையது.

அப்போது ஊர்காவற்றுறைக்காரன் ஒருவன் கேட்டான்: "சரி, எங்கட பனங்கள்ளுக்கு ஒரு லேபிள் எழுதுங்கோ பாப்பம்."

ஒருவர் "புளிப்பு" என்றார். இன்னொருவர் "நல்ல கள்ளெண்டால் நல்லா இருக்கும்" என்றார். அதோடு முடிந்தது. ஐந்து பேரும் கலைப்பீடம், அதில் மூன்று பேர் தமிழை முதன்மைப் பாடமாகப் படிப்பவர்கள். எங்கள் தீவுகளில் எங்கு திரும்பினாலும் நிற்கிற ஒரு மரத்திலிருந்து தினமும் இறங்குகிற ஒரு பானத்தைப் பற்றி இரண்டு வசனம் எங்களால் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் தொடங்கியது.

வைனுக்கு இருக்கிற மொழி வானத்திலிருந்து விழுந்தது அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வேலை செய்த ஆன் நோபல் என்ற பேராசிரியர், 1984இல் வைனின் வாசங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். நடுவில் 'பழம்', 'மரம்', 'மசாலா' என்று பெரிய வகைகள், வெளி வட்டத்துக்குப் போகப் போக இன்ன பழம், இன்ன மசாலா என்று நுணுக்கம். சொற்களை மட்டும் கொடுத்து அவர் விடவில்லை. கடையில் வாங்கக்கூடிய உண்மையான பொருளைக் கிண்ணத்தில் போட்டு மோந்து பார்க்கச் செய்தார். அதாவது, பலர் ஒரே மேசையில் இருந்து, ஒரே பொருளை மோந்து, 'இதை இப்படிச் சொல்லுவம்' என்று உடன்பட்ட மொழி அது.

அந்த மொழிக்கும் சறுக்கல் உண்டு. 2001இல் வெளியான ஒரு ஆய்வில், பொர்தோவில் வைனியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். கண் முதலில் முடிவெடுத்தது, நாக்கு பின்னால் போனது. எங்களைப் போன்ற மாணவர்கள்தான் அவர்களும். இதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. சிவப்பு நிறம் அவர்கள் நாக்கை ஏமாற்றியது என்றால், கள்ளு என்றதும் எங்கள் நாக்கை முந்திக்கொண்டு முடிவெடுப்பது எது?

தமிழில் சொல் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று சங்கப் பாடல்களில் வருவதையெல்லாம் முதலாம் வருடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். தெளிந்ததைத் தேறல் என்றார்கள். அரிசியில் ஆக்கியதைத் தோப்பி என்றார்கள். மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்ததைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். பிரான்சில் ஓக் மரப் பீப்பாய்க்குள் வைத்து எடுக்கிறதுக்கு இது ஒன்றும் குறைந்த யோசனை இல்லை. நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுக்கும், சீறுகிற பாம்புக்கும் உவமை சொன்ன பாடல்கள் புறநானூற்றிலும் சிறுபாணாற்றுப்படையிலும் உண்டு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பற்றி நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் பாடியிருக்கிறார். அந்தக் காலத்துப் புலவர் வெளிநாட்டு வைனையும் உள்ளூர்க் கள்ளையும் ஒரே நாக்கால் குடித்து, இரண்டையும் பற்றிக் கூச்சப்படாமல் பேசியிருக்கிறார். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியவரே, காமத்துப்பாலில் காதலின் மயக்கத்தைச் சொல்ல வரும்போது கள்ளைத்தான் ஒப்புக்கு எடுக்கிறார்.

அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது? அதைத் தேடித்தான் சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறினோம்.

எங்கள் நண்பனின் அயலவர் ஒருவர், அறுபது கடந்தவர், கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளுக் கொடுக்கிறவர். நாங்கள் போனபோது தளநாரைக் கழற்றிக்கொண்டு மரத்தடியில் நின்றார். "ஐயா, கள்ளின்ர ருசியப் பற்றி உங்களோட கதைக்க வந்தனாங்கள்" என்றோம். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ருசியப் பற்றியோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு காலமும் என்னட்ட ஆக்கள் கேட்டது போத்தல் என்ன விலை எண்டு. இல்லாட்டி, தண்ணி கலந்தனியோ எண்டு. ருசி எப்பிடி எண்டு ஒருத்தரும் கேட்டதில்ல, பிள்ளையள்."

பனையோலையை மடித்துப் பிளா கோலினார். பெடியன்களுக்கு ஊற்றினார். பெண் பிள்ளைகள் இருவரிடமும் வந்ததும் கை நின்றது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, "இவைக்குக் கருப்பணி குடும்" என்றார். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்குகிறது கருப்பணி, சுண்ணாம்பு புளிக்க விடாது, இனிப்பாகவே இருக்கும். எங்களில் ஒருத்தி, "ஐயா, நாங்கள் வந்தது கள்ளை ருசி பாக்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு பிளாவிலும் ஒரு வாய் அளவுக்கு ஊற்றினார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதியை அவளைப் பார்த்துத்தான் பேசினார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

அவரிடமிருந்து அந்த ஒரு காலையில் நாங்கள் கற்றது கொஞ்சமல்ல. இறக்கி ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது 'இளசு'. அதில் இனிப்பு முன்னுக்கு நிற்கும். வெயில் ஏற ஏற அது 'முத்தும்'. பின்னேரம் 'கடுப்பு' வந்துவிடும். மறுநாளைக்கு வைத்தால் 'நாக்கைப் பிடிக்கும்'. அதற்குப் பிறகு அது வினாகிரிக்கு ஆகும். முட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் வருகிற நாற்றம் வேறு, கள்ளு பழசானால் வருகிற புளிச்ச மணம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவனுக்குக் கள்ளுத் தெரியாது. கடற்கரைப் பனையின் கள்ளில் ஒரு சின்ன உவர்ப்பு இருக்கும், உள்ளுக்கு நிற்கிற மரத்தில் அது இருக்காது என்பது அவருடைய கணக்கு. மூன்று முட்டிகளைக் காட்டி எது எந்த மரத்துடையது என்று மோந்தே சொன்னார். நாங்கள் மோந்தபோது மூன்றும் ஒன்றுதான். இரண்டாம் தரம் மோந்தபோது ஒன்று மட்டும் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அது உண்மையா, அவர் சொன்னதால் வந்த மயக்கமா என்று எங்களுக்கே சந்தேகம். பொர்தோ மாணவர்களை நினைத்துக்கொண்டோம்.

அவர் சொன்னதில் ஒரு பகுதியைப் பாடப்புத்தகமும் சொல்லும். பாளையிலிருந்து வடிகிற பதநீரில் பத்து வீதத்துக்கு மேல் சர்க்கரை உண்டு. முட்டியிலும் காற்றிலும் இருக்கிற நொதியங்கள் வடிகிற நேரமே வேலையைத் தொடங்கிவிடும். பக்டீரியாக்களும் சேர்ந்து புளிப்பைக் கொண்டுவரும். அற்ககோல் நான்கு, ஐந்து, ஆறு வீதம் அளவில் வரும். பிறகு அசற்றிக் அமிலம் கூடி வினாகிரியாகிப் போகும். வைனுக்கு வயது வருடக் கணக்கு, கள்ளுக்கு வயது மணிக்கணக்கு. அதனால் கள்ளை அறிந்தவருக்கு மணிக்கூடும் நாக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இவ்வளவு நுணுக்கமான அறிவை ஒரு நாட்டில் 'சொமலியே' என்று பட்டம் கொடுத்து, கோட் போட்டு, உணவகத்தில் நிற்பாட்டுகிறார்கள். எங்கள் நாட்டில் அதற்கு என்ன பட்டம் கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் நாக்கை முந்திக்கொண்டு முடிவெடுப்பது எது என்ற கேள்விக்கு மறுமொழி இதுதான்: சாதி. பின்னேரம் தவறணைக்குப் போய்க் கள்ளுக் குடித்த அதே ஆள், அதை இறக்கியவரை வீட்டுக்குள் விடவில்லை, கிணற்றில் அள்ள விடவில்லை. தேநீர்க் கடையில் அவருக்கு வேறு குவளை வைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைய மக்கள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை எங்கள் பேரன்மாரின் தலைமுறை கண்ணால் கண்டது. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையைத் தொடமாட்டோம், கை இறக்கித் தந்ததைக் குடிப்போம் என்று வாழ்ந்த ஒரு சமூகம் அந்தப் பானத்தைப் பற்றி நிதானமாகப் பேச முடியாது. பேசத் தொடங்கினால் யார் இறக்கியது, எப்படி இறக்கியது என்று பேச வேண்டிவரும். ஆகவே ஒளித்துக் குடித்தது, பகிடி பண்ணியது, ருசியை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. எங்களிடம் சொல் இல்லாமல் போனது இப்படித்தான். மரத்தடியில் சொல் இருந்தது, புத்தகம் எழுதிய வீட்டு விறாந்தைக்கு அது வரவில்லை.

அடுத்த கிழமை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனோம். ஒரு மணித்தியாலக் கடல். எங்கள் நண்பி ஒருத்தியின் அம்மம்மா அங்கே. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள்ளுக் குடிக்காதவர். ஆனால் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறது கள்ளு விட்டுத்தான். "ஆச்சி, எந்தக் கள்ளு நல்லது?" என்று கேட்டோம். "மூக்கால பாக்க வேணும்" என்றார். "இளசை விட்டால் விடியப் பாத்தாலும் மா பொங்காது. முத்தினதை விட்டால் அப்பம் கடுத்துப் போம். மணத்தில ஒரு இனிப்பும் ஒரு புளிப்பும் சரிக்குச் சரி நிக்கவேணும். அப்பதான் விடவேணும்." ஊர்காவற்றுறை ஐயா நாக்கால் சொன்ன அதே மணித்தியாலக் கணக்கை, ஆச்சி கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மூக்கால் சொல்லிவிட்டார். ருசி அறிவு குடிக்கிற ஆம்பிளையளின் சொத்து என்ற எங்கள் நினைப்பு அந்தக் குசினியில் உடைந்தது.

இதை எழுதத் தொடங்கியபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "குடியைப் புகழப் போறியளோ? குடியால எத்தின வீடு அழிஞ்சது எண்டு தெரியாதோ?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது அவளுடைய வீட்டு அனுபவத்திலிருந்து. தீவுப்பகுதியில் மட்டுமல்ல, வடக்கு முழுக்க குடியின் சுமையைச் சுமப்பது பெண்களும் பிள்ளைகளும்தான். அதை மறைத்துக்கொண்டு கள்ளுக்குக் கவிதை பாட எங்களுக்கு விருப்பம் இல்லை. ஆனால் ருசிக்கிறதும் வெறிக்கக் குடிக்கிறதும் ஒன்றா என்று யோசிக்க வேண்டும். தொழில்முறையில் வைன் ருசிப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் துப்பிவிடுகிறார்கள். இது கேட்டு அவளும் சிரித்துவிட்டாள். கசிப்பை ஒருவரும் ருசிக்காகக் குடிப்பதில்லை, மறக்கிறதுக்குக் குடிக்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற ஊரில் அதனால் வருகிற கெடுதியைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். குடிக்காதவர்கள் குடிக்க வேண்டியதில்லை. ஆச்சியைப் போல மூக்கே போதும்.

இரண்டாவது சண்டை இதைவிடக் கடினமானது. 'இந்த அறிவு அழியப்போகிறது, பாதுகாக்க வேண்டும்' என்று நாங்கள் ஐயாவிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னோம். அவருடைய மகன் பட்டினத்தில் வேலை, மரம் ஏறுவதில்லை. ஐயா அமைதியாகச் சொன்னார்: "என்ர பெடியன் ஏறக்கூடாது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் ஏறினனான்."

எங்களிடம் மறுமொழி இல்லை. இப்போதும் முழுதாக இல்லை. ஒன்று மட்டும் தெளிவு. கள்ளின் ருசியைக் காப்பாற்ற ஒரு சாதியின் பிள்ளைகள் மரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. விழுந்தால் பார்க்கக் காப்புறுதி, வயது போனால் ஓய்வூதியம், மரியாதையான கூலி, பாதுகாப்பாக ஏற ஒழுங்கான கருவி, இவை வந்த பிறகு விரும்பியவர், எந்தச் சாதியாக இருந்தாலும், ஏறட்டும். ஒருவரும் ஏறாவிட்டால் கள்ளு இல்லாமல் போகட்டும். ஆனால் அறிந்தவர்களைக் கேட்காமல் அவர்கள் அறிவை மண்ணுக்குள் போக விடுகிறது வேறு விடயம். அது எங்கள் கையில் இருக்கிறது.

1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சூடாக்கிப் புளிப்பை நிறுத்திப் போத்தலில் அடைத்த பனங்கள்ளு வெளிநாட்டுக் கடைகளுக்கும் போகிறது. நாளைக்கு யாரோ ஒரு விளம்பர நிறுவனம் அந்தப் போத்தலுக்கு அழகான ஆங்கிலத்தில் லேபிள் எழுதும். அதில் வெப்பமண்டலப் பழம், கடற்காற்று என்று ஏதேதோ வரும், பாளை சீவிய கை வராது. அதற்கு முன் தமிழில் நாங்கள் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எந்த ஊர், ஆண்பனையா பெண்பனையா, எத்தனை மணிக்கு இறக்கியது, இறக்கியவர் விரும்பினால் அவர் பெயர், இவ்வளவும் லேபிளில் வரட்டும். தரம் பார்க்கிற மேசையில் சீவல் தொழிலாளர்களும், அப்பம் சுடுகிற பெண்களும் இருக்கட்டும், அந்த நாளுக்கு அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கட்டும். தமிழ்த்துறையில் படிக்கிற நாங்கள் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். இதுவரை நாற்பது சொல் சேர்ந்திருக்கிறது. புங்குடுதீவிலும் நயினாதீவிலும் காரைநகரிலும் வேறு சொற்கள் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். விலையைக் கேட்காமல் ருசியைக் கேளுங்கள்.

லேபிள் கேட்ட நண்பனுக்குக் கடன் இருக்கிறது. இது எங்களுடைய முதல் முயற்சி:

ஊர்காவற்றுறை. சித்திரை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிற ஆண்பனை. விடிய இறக்கி ஏழரை மணிக்குக் குடித்தது. முதலில் வருவது பச்சை ஓலை மணம், அது பிளாவினுடையது. அதற்குப் பின்னால் நுங்குத் தண்ணி. வாயில் வைத்ததும் இனிப்பு, நடுவில் மோர்ப் புளிப்பு, நாக்கில் மெல்லிய நுரைக் குத்து. விழுங்கின பிறகு அடிநாக்கில் கொஞ்சம் கயரும், உதட்டில் ஒரு துளி உவர்ப்பும். மூக்கில் கடைசியாக நிற்பது பழஞ்சோத்துத் தண்ணி.

இதைத் தொலைபேசியில் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, காத்தை விட்டிட்டியள்" என்றார். சோளகம் பிடிக்க முன்னம் இறக்கினது ஒரு கள்ளாம், சோளகம் பிடிச்ச பிறகு இறக்கினது வேற கள்ளாம்.

'சோளகத்துக்கு முந்தியது' என்று சேர்த்து எழுதிவிட்டோம். சோளகம் பிடித்த பிறகு திரும்பப் போக வேண்டும்.